பொண்ணுக்கு வெச்ச ரெண்டு ஃபிளெக்ஸ்

வாங்க, வாங்க. உக்காருங்க. அந்தச் சேரு வேண்டாங்க, அதுக்கு ஒரு காலு ஆட்டம் குடுக்குது. இதுல உக்காருங்க. மெசினு ஓடலீங்க. இன்னைக்கு நம்ம லைனுக்குக் கரண்டு நிறுத்தற நாளு, அஞ்சு மணிக்கு மேலதான் விடுவாங்களாமா. போட்டாவும் விவரமும் குடுத்துட்டுப் போனீங்கன்னா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அடிச்சு, ஓரம் மடிச்சு ஒட்டி, கயிறு கோக்கறதுக்குக் கண்ணு போட்டு வெச்சிருவேன். இல்ல, இருந்தே வாங்கிட்டுப் போறதுன்னாலும் இருங்க. இந்த வெயில்ல எங்க போறீங்க.

என்ன விசேசமுங்க? பொண்ணு பெரிய மனுசி ஆயிட்டாளா? திரட்டிச் சீருங்களா? நெம்ப சந்தோசமுங்க. எத்தன வயசு? பதிமூணா. என்ற பொண்ணுக்கும் அப்ப அதே வயசுதானுங்க. தர்ணிகான்னு பேரு. இந்த வருசம் ஒம்பதாவது போறா.

ஒன்னு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. ஃபிளெக்ஸ் வெக்கறோம்னு புள்ளகிட்டக் கேட்டீங்களா? சிரிக்கறீங்க. அதுகிட்ட என்னத்தக் கேக்கறதுன்னு சிரிக்கறீங்க. நானும் அப்புடிச் சிரிச்சவன்தானுங்க. தை மாசம், இதே எடத்துல உக்காந்துட்டு.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. இன்னைக்கு நாலே காலுக்கு அந்தா எதுத்தாப்புல ஸ்டாப்புல பவானி பஸ்ஸு வந்து நிக்கும். என்ற பொண்ணு அதுல போறா. அவ பெரியம்மா ஊட்டுக்கு. இனி அங்கிருந்துதான் படிப்பு. ஊட்டுக்காரி கூடப் போயி விட்டுட்டு வாரா. அதுக்குள்ள நான் ஊட்டுக்குப் போயி அவகிட்ட ஒரு வார்த்த சொல்லோணும். ஊடு பக்கந்தானுங்க, இந்தச் சந்துல நாலாவது. மணி என்ன இப்ப, மூணு அஞ்சு. நேரம் கெடக்குது.

கடை போட்டுப் பதினாலு வருசமாச்சுதுங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல பொறந்த நாளா, காதுகுத்தா, கல்யாணமா, எழவா, எல்லாத்துக்கும் நம்ம கடைதான். பூபதின்னா யாருக்கும் தெரியும். ஒருத்தரு ஊட்டுல ஒன்னு நடந்தா ஒரம்பரை, சொந்தக்காரங்களுக்குத் தெரியறதுக்கு மொத எனக்குத் தெரியும். ஊருக்குச் சொல்றதுதானுங்க என்ற தொழிலு. அதுல ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கிச்சுன்னு ஊட்டுக்காரி சொல்லுவா. நான் அப்புடி நெனைக்கறதில்ல.

தர்ணிகா சின்னப் புள்ளைல ஸ்கூலு விட்டா நேரா இங்கதான் வருவா. இந்தக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்துக்குவா. "அப்பா, செகப்பு மேல நீலம் போட்டாக் கண்ணு வலிக்குது, மஞ்சளு வெய்ங்க"ம்பா. மாத்திப் பாத்தா அவ சொன்னதுதான் சரியா இருக்கும். அஞ்சாவது படிக்கறப்பவே அப்புடி. இந்த ஊர்ல பல கல்யாணத்துக்கு எழுத்து என்ன கலருன்னு முடிவு பண்ணுனது என்ற பொண்ணுதானுங்க.

ஏழாவது வந்ததும் வரத்து நின்னு போச்சுது. கதவச் சாத்திக்கறா. தாப்பாளும் போட்டுக்கறா. என்ன அம்மணி பண்றேன்னா, "ஒன்னுமில்லப்பா". ஸ்கூலுக்கு வண்டில கொண்டுபோனா, கேட்டுக்கு நெம்ப முன்னாலயே, அந்த அரசமரம் இருக்குதுல்ல, அங்கயே எறக்கியுடச் சொல்றா. சட்டைல மை வாசம் அடிக்குதாட்ட இருக்குதுன்னு நெனச்சு மறுநா வெளுத்த சட்டையாப் பாத்துப் போட்டுட்டுப் போனேன். அப்பவும் அங்கயேதான் எறங்குனா. போனுதான் புள்ளைங்களக் கெடுக்குதுன்னு நான் போனத் திட்டிட்டுக் கெடந்தேன். அவகிட்ட அப்பப் போனே இல்லீங்க, அவ அம்மா போனுதான்.

தை மாசம் ஒரு சனிக்கெழம, ஊட்டுக்காரி சுகந்தி போன் பண்ணி, புள்ள ஆளாயிட்டான்னு சொன்னா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஊட்டுக்கு ஓடுனேன். தாய்மாமன் சீர்க்காரனாச்சே, மச்சினன் மோகனுக்கு மொதப் போனு. அப்புறம் பெரியப்பன் ஊடு, சித்தப்பன் ஊடு, கூடப் படிச்சவன், கடைக்கு ஃபிளெக்ஸ் ரோலு போடறவன். அர மணி நேரத்துல நாப்பது பேருக்குச் சொல்லிப்போட்டேன். வாசல்ல நின்னுட்டுத்தான் சொன்னேன். எனக்குக் கொஞ்சம் தொண்ட பெருசுங்க. அவ சன்னலுக்கு உள்பக்கம் உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்திருக்கா. எனக்கு அது அப்ப உறைக்கல.

மறுநா அவ என்னையக் கூப்புட்டனுப்புனா. ஓரமாத் தனியாத்தான் உக்கார வெச்சிருந்தாங்க. நான் கதவு நெலவுக்கிட்ட நின்னேன். "அப்பா, சீரு வெக்கறதுன்னா வெச்சுக்கோங்க. பொடவ கட்டச் சொன்னாக் கட்டிக்கறேன். ஃபிளெக்ஸ் மட்டும் வேண்டாம். என்ற கிளாஸ்ல பாதிப் பேரு பசங்க"ன்னா. சரி அம்மணி, வெக்கலன்னேன். "கையடிச்சுச் சொல்லுங்க"ன்னா. நான் கையடிச்சேன். அடிச்சுக் குடுத்தேனுங்க, இந்தக் கையிலதான்.

நெசமாலுமே வெக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா கடைக்கு வாரவனெல்லாம் கேக்கறான், உம்பொண்ணுக்கு எத்தன அடி பூபதின்னு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதுசா ஒருத்தன் கடை போட்டிருக்கான். அவன் ஒரு நாளு டீக்கடைல எல்லாரும் இருக்கறப்ப, "அண்ணா, உங்களுக்கு வேல அதிகமா இருந்தாச் சொல்லுங்க, பாப்பாவுக்கு நான் அடிச்சுத் தாரேன்"ங்கறான். எப்புடி இருக்கும் சொல்லுங்க. ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுத்தவன் பெத்த பொண்ணுக்கு ஒன்னு வெக்காம இருந்தா நாக்கு மேல பல்லப் போட்டுப் பேச மாட்டாங்களா? மச்சினன் வேற, சீரு கொண்டாறவன் பேரு ஊருக்குத் தெரிய வேண்டாமான்னு ஒரு பக்கம் புடிச்சுக்கிட்டான். சுகந்தி மட்டும், புள்ள வேண்டாம்ங்குது விட்டுருங்கன்னா. புள்ளைங்க வெக்கத்துல சொல்றதுதான், கண்ணுல பாத்தாச் சந்தோசப்படும்னு நான் அவ வாய அடச்சுப்போட்டேன்.

அடிச்சேன். இருபதுக்குப் பத்து. இருக்கறதுலயே நல்ல மெட்டீரியலு. ரெண்டு நாளு உக்காந்து டிசைன் பண்ணுனேனுங்க, வேற எந்த வேலையும் தொடல. அன்னப் பறவ மேல பொண்ணு உக்காந்திருக்கற மாதிரி, தலைல கிரீடம், பின்னால அருவி. ரெண்டு பக்கமும் மாமன், சித்தப்பன், சிநேகிதக்காரங்க போட்டா. நடுவுல கவித. மத்தவங்களுக்கெல்லாம் ரெடியா இருக்கறத எடுத்துப் போட்டுருவேன், இது நானே எழுதுனதுங்க. "பன்னிரண்டு வசந்தம் மொட்டாய் இருந்தாய், பதின்மூன்றாம் வசந்தம் பூவாய் மலர்ந்தாய்." எப்புடி இருக்குது? நல்லாத்தானே இருக்குது. எழுதி முடிச்சப்பக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க எனக்கு.

அப்புறம் கலரு. அவ என்னைய மாதிரிங்க, கருப்பு. நம்ம கடைல யாரு போட்டா குடுத்தாலும் மொத வேல கலரு ஏத்தறதுதான். கேக்கவே வேண்டாம், கை தானாப் போயிரும். மொகத்துல நாலஞ்சு பரு இருந்துச்சு, எடுத்துட்டேன். மூக்கக் கொஞ்சம் சன்னம் பண்ணுனேன். ரோசாப்பூ நெறத்துக்கு வந்துட்டா. பாத்துப் பாத்துப் பண்ணுனேனுங்க.

எங்க வெச்சேன் தெரியுமுங்களா? ஸ்கூல் முக்குல. கேட்டுக்கு நேரெதிர. ஊர்லயே நல்ல எடம் அதுதான், அங்க கம்பி ஃபிரேமு நம்முளுது. வெசாழக்கெழம வெச்சேன், ஞாயித்துக்கெழம மண்டபத்துல சீரு. அவ ஊட்ட விட்டு வெளிய வரலியே, அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லாதீங்க, புள்ளைக்குத் திடீர்னு காட்டோணும்னு எல்லாருக்கும் சொல்லி வெச்சிருந்தேன்.

சீரு நல்லா நடந்துது. புதங்கெழம ஸ்கூலுக்குக் கெளம்புனா. அன்னைக்கு அரசமரத்துக்கிட்ட வண்டிய நிறுத்தல. அப்பா, அப்பான்னு முதுகுல தட்டுறா, இரு அம்மணின்னு நேரா முக்குக்குப் போயி ஃபிளெக்ஸுக்கு அடில நிறுத்திட்டேன். அண்ணாந்து பாருன்னேன். பாத்தா. நெம்ப நேரம் பாத்தா. ஸ்கூலுக்குப் போற பசங்க புள்ளைங்க எல்லாம் நின்னுட்டாங்க. "இது யாருப்பா?"ன்னு கேட்டா.

நான் என்ன நெனச்சேன்? அவ்வளவு அழகா இருக்குதுன்னு கேக்கறான்னு நெனச்சேனுங்க. என்ற மகாராணின்னேன், சத்தமா. அவ கேட்டுக்குள்ள போயிட்டா. நான் சந்தோசமாக் கடைக்கு வந்துட்டேன். வர்ற வழில ரெண்டு பேருக்கு டீ வாங்கிக் குடுத்தேன்.

மணி என்னாச்சுங்க? மூணரையா. நேரம் கெடக்குது. இங்கிருந்து ரெண்டு நிமிசம்.

அந்த வாரத்துலயே வயித்து வலின்னா. அடுத்த வாரம் தலவலி. டாக்டரு பாத்துட்டு ஒன்னுமில்லைன்னுட்டாரு. ஒன்னுமில்லைன்னு சொன்னதும் எனக்குக் கோவம் வந்துருச்சு. ஏமாத்தறயா, படிப்புக்குச் சோம்பல் பட்டுட்டு ஊட்டுல படுத்துக்கறயான்னு வாசல்ல நின்னு கத்துனேன். பக்கத்து ஊட்டு அக்கா எட்டிப் பாத்தாங்க. அவங்களையும் கூப்புட்டு, பாருங்கக்கா இவ பண்றதன்னேன். தர்ணிகா பையத் தூக்கிட்டு நடந்தே போயிட்டா ஸ்கூலுக்கு. நான் வைது அனுப்புனேன், அவ போனா. எங்க அனுப்புறேன்னு தெரிஞ்சா அனுப்புனேன், சொல்லுங்க.

அவ டீச்சரு மகேஸ்வரின்னு ஒருத்தங்க. ஆண்டு விழாவுக்கு ஃபிளெக்ஸ் சொல்ல வந்தாங்க, நீங்க உக்காந்திருக்கற அதே எடத்துல உக்காந்தாங்க. எல்லாம் எழுதிக் குடுத்துட்டு, போறப்ப நின்னு, "சார், முக்குல இருக்கறத எடுத்துருங்க. அந்தப் புள்ள பத்து நாளாத் தலைய நிமுத்தலீங்க"ன்னாங்க. என்னங்க டீச்சர்ன்னேன். அப்பத்தான் சொன்னாங்க. அட்டனன்ஸ்ல தர்ணிகான்னு பேரு கூப்புட்டா, முன் பெஞ்சுல ஒருத்தன் மெதுவா "மொட்டாய் இருந்தாய்"ங்கறானாமா, பின் பெஞ்சுல இருந்து இன்னொருத்தன் "பூவாய் மலர்ந்தாய்"ங்கறான். டீச்சரு திரும்புனா எல்லாவனும் புஸ்தகத்தப் பாக்கறான். சத்துணவுக்கு வரிசைல நின்னா, தண்ணி குடிக்கப் போனா, அதேதான். பொம்பளப் புள்ளைங்க வேற மாதிரி. என்னடி, ஃபிளெக்ஸ்ல இருக்கற கலரு எங்க போச்சு, ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டயான்னு கேட்டிருக்குதுங்க.

என்ற கவிதைங்க அது. நான் கண்ணுல தண்ணி வெச்சுட்டு எழுதுனது.

டீச்சரு போனதும் வண்டிய எடுத்துட்டு முக்குக்குப் போனேன். ஸ்கூலு நடந்துட்டு இருந்துச்சு, வெளிய ஆளில்ல. பத்து நாளும் நான் அந்தப் பக்கம் போறப்ப எல்லாம் மேலதான் பாத்திருக்கேன், மொகம் எப்புடி இருக்குது, கலரு மங்கிருச்சான்னு. மங்கவே இல்லீங்க, அது வேற. அன்னைக்குத்தான் கீழ பாத்தேன். கை எட்டற ஒசரத்துல கரிக்கட்டைல என்னென்னமோ எழுதி வெச்சிருந்தாங்க. என்ன எழுதியிருந்துச்சுன்னு மட்டும் நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன். சுகந்திக்குக் கூடத் தெரியாது. தர்ணிகாவுக்குத் தெரியும். அவ தெனமும் அதத் தாண்டித்தானே உள்ள போயிருக்கா.

வெக்கமாப் போச்சுதுங்க. நடு ரோட்டுல துணியில்லாம நிக்கற மாதிரி இருந்துச்சு. அவ அப்புடித்தானே பத்து நாளா நின்னிருக்கா, நானே நிறுத்தி வெச்சிருக்கேன்னு அப்பறமாத்தான் தோணுச்சு. கயித்த அவுக்கக் கூடப் பொறும இல்லாம பிளேடு போட்டு அறுத்து எறக்குனேன். அதுதானுங்க அந்தா, மெசினு மேல தூசி படாம மூடியிருக்கறது. கெட்டி மெட்டீரியலு, வீணாப் போடறதுக்கு மனசு வரல. மொகம் உள்பக்கமா இருக்கற மாதிரித்தான் போத்தியிருக்கேன்.

அன்னைக்குப் பொழுதோட ஊட்டுக்குப் போனேன். அவ படிச்சுட்டு இருந்தா. கதவு தொறந்துதான் இருந்துச்சு. நெலவுல நின்னு, அம்மணின்னேன். நிமுந்து பாத்தா. எடுத்துட்டேன்னு சொல்லோணும், தப்புப் பண்ணிப்போட்டேன், கையடிச்சுக் குடுத்து ஏமாத்திப்போட்டேன் சாமி, மன்னிச்சுக்கோன்னு சொல்லோணும். வாயி வரைக்கும் வந்துச்சுங்க. பரோட்டா வாங்கியாரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்ப்பான்னா. சரின்னு வந்துட்டேன்.

எங்கப்பன் எங்கிட்ட ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டதில்லீங்க. அவரு அடிச்சாருன்னா அடுத்த நாளு சந்தைல இருந்து பலகாரம் வாங்கியாருவாரு, அவ்வளவுதான், கணக்குத் தீந்துச்சு. பெத்த புள்ளகிட்ட அந்த வார்த்தைய எப்புடிச் சொல்றதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. வாழ்த்துகிறோம், வரவேற்கிறோம், வருந்துகிறோம் எல்லாம் டைப் பண்ணியிருக்கேன். இந்தப் பதினாலு வருசத்துல மன்னிப்புக் கேட்டு ஃபிளெக்ஸ் அடிக்கறதுக்குன்னு ஒரு ஆளு கடைக்கு வந்ததில்ல. அதுலயாச்சும் எனக்குப் புரிஞ்சிருக்கோணும்.

புரியல. நான் என்ன நெனச்சேன்னா, தப்பு ஊரறிய நடந்திருக்குது, மன்னிப்பும் ஊரறியத்தானே கேக்கோணும்? பசங்களும் பாப்பாங்க, நம்ம செஞ்சது தப்புன்னு அவங்களுக்கும் உறைக்கும். அப்பன் எறங்கி வந்துட்டான்னு புள்ளைக்கும் தெரியும். நாயந்தானே? எனக்கு அப்ப அது நெம்ப நாயமாப் பட்டுச்சுங்க.

ஆமாங்க. ரெண்டாவது ஃபிளெக்ஸ்.

சின்னதுதான், எட்டுக்கு ஆறு. இந்தத் தடவ யோசிச்சுப் பண்ணுனேன். கலரு ஏத்தல. ஸ்கூல் டிரெஸ்ஸுல இருக்கற போட்டா, பரு கூட அப்புடியே விட்டுட்டேன். அவ எப்புடியோ அப்புடியே. "தப்பு செய்துவிட்டேன் தர்ணிகா. அப்பாவை மன்னித்துவிடு. இப்படிக்கு, உன் அப்பா பூபதி." அவ்வளவுதான், கவித ஒன்னும் எழுதல. மஞ்சள் எழுத்து, அவளுக்குப் புடிச்சது. கீழ கடை பேரும் செல் நம்பரும் வந்துருச்சுங்க. அது பழக்கம், எல்லா டிசைனுக்கும் அடில தானா வந்துரும். அடிச்சு ஒட்டி எடுத்துட்டு முக்குல கட்டுன பொறகுதான் கவனிச்சேன். சரி போச்சுதுன்னு விட்டுட்டேன்.

நம்ப மாட்டீங்க, அன்னைக்குக் காலைல எனக்கு மனசு அவ்வளவு லேசா இருந்துச்சு. வண்டில உக்கார வெச்சுட்டுப் போறேன், பின்னால அவ பேசாம வாரா, நான் முன்னால பாட்டுப் பாடிட்டுப் போறேன். முக்கு வந்துச்சு. வண்டிய நிறுத்துனேன். காலைல எட்டே முக்கால் மணிங்க, ஸ்கூலு மொத்தமும் அங்கதான் நிக்குது. நாலஞ்சு பேரு போனுல படம் எடுத்துட்டு இருக்கறாங்க.

அவ எறங்குனா. படிச்சா. இந்தத் தடவ நெம்ப நேரம் பாக்கல. எங்கிட்ட வந்து, மத்தவங்களுக்குக் கேக்காத மாதிரி மெதுவாத்தான் சொன்னா. "இத ஊட்டுல, எங்கிட்ட, வாயில சொல்ல முடியாதாப்பா?"

சொல்லிட்டு உள்ள போகல. திரும்பி ஊட்டப் பாத்து நடந்தா. எதுக்க எல்லாப் புள்ளைங்களும் ஸ்கூலுக்கு வருது, இவ ஒருத்தி மட்டும் அந்தப் பக்கம் போறா. நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணாமத் தள்ளிட்டே பின்னால போனேன். ஒன்ற கிலோமீட்டரு. ஏறுன்னு சொல்லத் தோணல. நிறுத்திச் சொல்லியிருக்கலாம், அப்பவே, அந்த வார்த்தைய. பின்னாலயே போனேனே ஒழிய பக்கத்துல போக முடியலீங்க. அதுக்குள்ள சட்டப் பையில போனு அடிக்குது. கீழ நம்பரு இருக்குதல்லவா, எவனோ கூப்புட்டு, அண்ணா, பொண்ணு மன்னிச்சுருச்சுங்களான்னு கேட்டுட்டுச் சிரிக்கறான்.

அன்னைக்கே அதையும் எறக்கிப்போட்டேன். அதுக்கப்புறம் அவ பரிட்சைக்கு மட்டுந்தான் போனா. அதுவும் பின்பக்கக் கேட்டு வழியா. நல்ல மார்க்குதான். சித்திர மாசம் அவ அம்மாகிட்ட, நான் பெரியம்மா ஊட்டுல இருந்து படிக்கறேன்னு சொல்லிட்டா. அழுவல, சண்ட போடல. எங்கிட்டப் பேசாம ஒன்னும் இல்லீங்க. சாப்புட வாங்கப்பா, தண்ணி வேணுங்களாப்பான்னு எல்லாம் பேசுவா. ஊட்டுக்கு வந்த விருந்தாளிகிட்டப் பேசற மாதிரி மருவாதியாப் பேசுவா. நாலு மாசமா அந்த மருவாதிதான் எனக்குச் சாப்பாடு எறங்க விடாமப் பண்ணுது.

சுகந்தி நேத்துக் கேட்டா. கடைக்கு வாரவங்க போறவங்க எல்லாருகிட்டயும் சொல்றீங்க, அவகிட்ட ஒருக்காச் சொன்னா என்னன்னு. நான் சொல்றது எதுக்குங்க? எனக்கு மனசு ஆறோணும், அது ஒன்னு. கேக்கறவங்க இந்தத் தப்பப் பண்ணாம இருக்கோணும், அது ஒன்னு. போன வாரம் ஒருத்தரு முழுக்கக் கேட்டுட்டு, எனக்கு ஃபிளெக்ஸே வேண்டாம்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. அப்ப நல்லதுதானே? பத்துப் பேருகிட்டச் சொன்னதுல ஒருத்தராச்சும் திருந்துனா நல்லதுதானே? நீங்க சொல்லுங்க.

மணி என்ன? நாலா? நாலு ஆயிருச்சா? அப்ப நான் எந்திரிக்கறேன். இதோ, இத மட்டும் குறிச்சுக்கறேன், ஊரு பவானிப் பக்கம்னீங்க, மண்டபம் எந்த மண்டபம்...

அந்தா, சுகந்தி போறா. பையத் தூக்கிட்டு ஸ்டாப்புக்குப் போறா. இவ எங்க... வா அம்மணி. வா, வா. நானே ஊட்டுக்கு வரோணும்னுதான் இருந்தேன். கரண்டு இல்ல, இவரு வந்துட்டாரு, பேசிட்டே இருந்ததுல நேரம் போனது தெரியல. உக்காரு சாமி. தண்ணி குடிக்கறயா? இவரு பொண்ணுக்கும் திரட்டியாமா, உன்னைய விடச் சின்னப் புள்ளதான். ஏனுங்க, இதுதானுங்க தர்ணிகா. இவதான்... என்ன அம்மணி? இல்ல. இல்ல, அது வந்து, ஒரு பேச்சு வந்துச்சு, சும்மா... இரு. பஸ்ஸு இன்னும் வரலியே. அம்மணி, இரு.

போயிட்டாளுங்க.

போயிட்டு வாரேன்னு சொல்லத்தான் வந்தா. நான் சொல்லாட்டிப் போச்சுது, தான் சொல்லிட்டுப் போலாம்னு அவளே படியேறி வந்தா. இந்தக் கடைக்குள்ள அவ வந்து ரெண்டு வருசமாச்சு. நீங்க ஏனுங்க தலையக் குனிஞ்சீங்க? உங்க மேல குத்தமில்ல, நல்ல மனுசனாட்ட இருக்கறீங்க, அதனால குனிஞ்சீங்க. ஆனா அவ உங்க மொகத்தப் பாத்தா. பாத்ததும் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. "இவங்ககிட்டயும் சொல்லிட்டீங்களாப்பா"ன்னு கேட்டா, கேட்டீங்கல்ல. கோவமாக் கேக்கல. கோவமாக் கேட்டிருந்தாக் கூட நான் ஏதாச்சும் சொல்லியிருப்பேன்.

எத்தன பேருங்க. நாலு மாசமா இந்தச் சேர்ல உக்காந்து எந்திரிச்சுப் போனவங்க எத்தன பேரு. அவங்கெல்லாம் வழில அவளப் பாத்துத் தலையக் குனிஞ்சிருப்பாங்க. ஃபிளெக்ஸ எறக்கிட்டேன் எறக்கிட்டேன்னு நான் நெனச்சுட்டுக் கெடக்கறேன்.

நீங்க பவானிப் பக்கந்தானே போறீங்க? இப்ப அந்தப் பஸ்ஸுலயே ஏறுனீங்கன்னா... ஏறி, அவ பக்கத்துல போயி, பாப்பா, உங்கப்பா இந்த மாதிரி நெம்ப வெசனப்படறாரு, மன்னிச்சுக்கச் சொன்னாருன்னு...

வேண்டாங்க. பாத்தீங்களா என்ற புத்தி போறத. வேண்டாம். நீங்க இங்கயே உக்காருங்க, அந்தப் பக்கம் திரும்பிக் கூடப் பாக்காதீங்க. பஸ்ஸு அந்த வளைவுல வருது. நான் ரோட்டத் தாண்டிட்டு வந்தர்றேன். யாராச்சும் வந்தா இருக்கச் சொல்லுங்க.

ஒன்னே ஒன்னுங்க. நான் திரும்பி வந்த பொறகு, என்ன சொன்னே, அவ என்ன சொன்னான்னு எங்கிட்டக் கேட்டுப்போடாதீங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன், கேக்காதீங்க. கேட்டீங்கன்னா நான் சொல்லிப்போடுவேன்.